கண்ணாடியான இரும்பு

அன்று தட்டல் சத்தம் எப்போது நின்றது என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நான் டிரில் பிட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது அது கேட்டது என்று நினைக்கிறேன். அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது என்கிறான் அன்பரசன். கடைசிவரை கேட்டதாகவும், பயத்தில் எங்கள் காதுதான் அடைத்துவிட்டதாகவும் அம்புரோஸ் அண்ணன் சொல்கிறார். மூன்று பேரும் ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படும் தூரத்தில்தான் இருந்தோம். ஆகவே நான் இங்கே சொல்வதில் முன்பின் மாறியிருக்கலாம். பயத்தைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சின்ன யார்டில் வேலை செய்கிறேன். விசைப்படகுகளும், தட்டையான சரக்குப் படகுகளான பார்ஜுகளும் பழுது பார்க்க வரும். டூல் ரூம் என் பொறுப்பு. கேட்டதை எடுத்துக் கொடுப்பது, மாலையில் திரும்ப வாங்கி வைப்பது, மழுங்கிய டிரில் பிட்டுகளைச் சாணை பிடிப்பது. நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருக்கலாம் என்பதால் எனக்கு அந்த அறை பிடிக்கும்.

பிட்டுகளில் பார்க்க அழகானவை தங்க நிறத்தில் வரும். அது மேல்பூச்சு. சாதாரண இரும்புக்கு அது போதும். கடினமான எஃகுக்குக் கோபால்ட் கலந்த பிட் வேண்டும். அது மங்கிய வெண்கல நிறத்தில், யாரோ உபயோகித்துப் போட்டதுபோல இருக்கும். அவசரத்தில் வருகிறவன் கை தங்கத்துக்குத்தான் போகும். தண்டில் பொறித்த எழுத்தும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் கோபால்ட் பிட்டுகளுக்கு மட்டும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு வளையம் போட்டுத் தனி டப்பாவில் வைப்பேன்.

"இன்னாக்கா, பொண்ணு பாக்க வராங்களா இதுக்கு?" என்பான் ஜெரி. ஜெரி என் தம்பி. அதே யார்டில் பெயிண்டர்.

"ஆமாண்டா. உன்ன மாதிரி மொக்கையா ஒருத்தன் வரான்."

"மொக்கைன்னா சாண புடிச்சிரு. அதான உன் வேல."

அந்தச் சித்திரை மாதம் ஒரு பழைய பார்ஜ் வந்து கரையோரம் கட்டிக் கிடந்தது. அதன் அடியில் மிதப்புக்காக விட்ட காலி டேங்குகளுக்கு உள்பக்கம் பெயிண்ட் அடிக்க வேண்டும். தளத்தில் ஒரு வட்ட மூடி. அதைத் திறந்து ஏணியில் இறங்கினால் இருட்டு. உள்ளே தடுப்புகள் இருந்ததால் ஒருவன் மூலைக்குப் போய்விட்டால் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியமாட்டான்.

அந்த வாரம் டேங்குக்குள்ளிருந்து செம்புக் குழாய்கள் திருடு போயிருந்தன. மூடியின் குறுக்கே ஒரு கனமான பட்டை செய்து போட்டார் வெல்டர் அம்புரோஸ் அண்ணன். பட்டையின் ஒரு முனை ஒரு முளையில் சுழலும். மறுமுனையில் பூட்டு. கட்டர் எதுவும் உள்ளே நுழையாதபடி பூட்டைச் சுற்றித் தடித்த குழாய் ஒன்றை வைத்து வெல்டு செய்திருந்தார். முளையைப் பழைய ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் துண்டில் கடைந்தார். உப்புத் தண்ணீரில் இருபது வருடம் சுழன்றாலும் தேயாத எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு.

"எவன் வேணா வரட்டும். முளை மேல கைய வச்சான்னா அவன் பிளேடுதான் பூடும்," என்று தட்டிக் காட்டினார். எல்லோரும் பாராட்டினோம். நானும்தான்.

எங்கள் யார்டில் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. டேங்குக்குள் இறங்குகிறவன் தன் செருப்பை மூடியின் ஓரத்தில் கழற்றி விடுவான். செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். அந்தச் செருப்பை யாரும் நகர்த்தமாட்டார்கள், மழை பெய்தாலும்கூட. காவலுக்கு இருந்த அப்பாவு அண்ணன் மூடிகளைப் பூட்டப் போகும்போது முதலில் செருப்பைத்தான் பார்ப்பார்.

காற்று ஊதும் மோட்டார் பழுதாகி, சரி செய்ய எடுத்துப் போயிருந்தார்கள். ஒருவன் உள்ளே, ஒருவன் மேலே, மாற்றி மாற்றிச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் தீபன் மாத்தூர் பக்கம் சாமான் வாங்கப் போனார். பூட்டின் சாவி அவரிடம். இன்னொரு சாவி பார்ஜ் முதலாளியிடம், அவர் தூத்துக்குடியில்.

ஜெரி உள்ளே இருந்தான். மேலே இருந்தவன் அன்பரசன். வியாசர்பாடிப் பையன் என்று நாங்கள் கூப்பிட்டாலும் ஜெரியின் வயதுதான், முப்பது. மத்தியானம் நெருங்கியதும் பெயிண்டில் கலக்கும் தின்னர் தீர்ந்துவிட்டது. அன்பரசன் வாங்கி வரக் கிளம்பினான். அவன் செருப்பின் வார் காலையிலேயே அறுந்து, அதைத் தூக்கிப் போட்டிருந்தான். வெயிலில் பார்ஜின் தளம் தோசைக்கல்லாகக் காய்ந்தது.

"மாமு, கால் வைக்க முடியலடா," என்று மூடி வழியாகக் கத்தியிருக்கிறான்.

"என்து போட்டுகினு போ. வரும்போது டீ வாங்கியா."

இரண்டு பேரும் அதோடு வேறு எதையும் யோசிக்கவில்லை.

அப்பாவு அண்ணன் வந்து பார்த்தபோது மூடி திறந்திருந்தது. தளத்தில் ஆள் இல்லை. செருப்பும் இல்லை. ஒருமுறை உள்ளே எட்டிக் குரல் கொடுத்திருக்கிறார். ஜெரி தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தான். பதில் வராததால் மூடியைச் சாய்த்து, பட்டையைச் சுழற்றி, பூட்டை அழுத்தினார். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் வகை. பிறகு சாப்பிடப் போய்விட்டார்.

நான் டூல் ரூமில் இருந்தேன். அன்பரசன் வாசலில் வந்து நின்றான். ஒரு கையில் தின்னர் கேன், இன்னொரு கையில் டீ. அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் காலில் இருந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றான். "மூடி பூட்டிக் கீது."

"ஜெரி எங்க?"

அவன் காலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

நாங்கள் ஓடிப் போனபோது, வழியில் அன்பரசன் சொல்லியிருந்ததால், அம்புரோஸ் அண்ணன் கேஸ் கட்டரை இழுத்துக்கொண்டு பார்ஜில் ஏறிக்கொண்டிருந்தார். "அரை நிமிஷம் ஜானட். அரை நிமிஷத்துல அறுத்துருவேன்."

மூடியின் ரப்பர் ஓரத்திலிருந்து தின்னர் வாசனை வந்துகொண்டிருந்தது. இனிப்பான வாசனை. அவர் மூக்கு அதைப் பிடித்தது தெரிந்தது. கட்டரை, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல, கரைப்பக்கம் கொண்டுபோய் வைத்தார். ஒரு பொறி போதும், தின்னர் ஆவி பற்றி டேங்கே வெடித்துவிடும். கட்டர் கூடாது, கிரைண்டர் கூடாது, கரண்டில் ஓடும் டிரில்கூட உள்ளே பொறி விடும். மிச்சம் இருந்தது காற்றில் ஓடும் ஏர் டிரில்.

டேங்குக்குள் காற்றுப் போகத் தளத்தில் விட்டிருந்த மூச்சுக் குழாயில் அன்பரசன் வாயை வைத்துக் கத்தினான். "ஜெரி! டேய் மாமு! கேக்குதா?"

உள்ளேயிருந்து தட்டல் கேட்டது. மரக்கட்டையால் தட்டுவதுபோல, மங்கலாக. பிரஷ் பிடியாக இருக்கும் என்று நினைத்தோம்.

"குழா கிட்ட வந்து ஒக்காரு! பேசாத! காத்து வுடறோம்!"

குழாயின் வாயிலிருந்த வலையைக் கிழித்து, கம்ப்ரசரின் காற்று ஹோஸை உள்ளே இறக்கினோம். ஆனால் யார்டில் ஒரே ஒரு கம்ப்ரசர். சின்னது. டிரில் ஓடினால் ஜெரியின் ஹோஸில் காற்று செத்துவிடும். ஜெரிக்குக் காற்று விட்டால் டிரில் தேங்கி நின்றுவிடும்.

தீபனுக்குப் போன் போட்டேன். "எண்ணூர் ரோட்ல டிரெய்லருங்க நிக்குதுமா, பைக்கு கூட பூராது. எறங்கி ஓடியாரேன்," என்றார். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. தீயணைப்பு வண்டிக்கும் சொல்லியாயிற்று. அவர்களும் அதே டிரெய்லர்களைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இனி பட்டையைப் பிடித்திருந்த முளையின் தலையைத் துளைத்து எடுத்தால்தான் பட்டை மேலே வரும். நான் பிட் எடுக்க ஓடினேன். நான் திரும்பி வருவதற்குள் அம்புரோஸ் அண்ணன் கைக்குக் கிடைத்த பிட்டை மாட்டி முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். தங்க நிறப் பிட். எண்ணெய் இல்லை. டிரில் அலறியது. புகை வந்தது. புகையைப் பார்த்ததும் நான் கத்திய சத்தம் எனக்கே கேட்கவில்லை. அன்பரசன் வால்வைத் திருப்பி நிறுத்தினான்.

பிட்டின் முனை நீலமாகி உருண்டு போயிருந்தது. முளையின் தலையில் ஒரு சின்னக் குழி. அரிசி மணி ஆழம்கூட இல்லை. அது பளபளவென்று மின்னியது. குனிந்தபோது அதில் என் கண் தெரிந்தது.

எஸ்.எஸ்ஸில் இதுதான் வினை. வெட்டினால் வெட்டிக்கொள்ளும். வெட்டாமல் தேய்த்தால் தேய்த்த இடம் இன்னும் இறுகும். வேகமாகத் தேய்த்தால் கண்ணாடியாகிவிடும். அதற்குப் பிறகு நல்ல பிட்டும் அதன் மேல் சறுக்கும்.

"என் கையால கடைஞ்சது," என்றார் அம்புரோஸ் அண்ணன். "எவனும் அறுக்கக் கூடாதுன்னு கடைஞ்சேன்."

"அப்பால அழுவலாம்ணே. ஹோஸ புடிங்க," என்றான் அன்பரசன்.

சிவப்பு வளையம் போட்ட பிட்டை மாட்டினேன். வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, அன்பரசன் அழுத்தினான். பிட் கீச்சென்று சறுக்கியது. உடனே எடுக்கச் சொன்னேன். முனையைப் பார்த்தேன். இன்னும் மழுங்கவில்லை. அந்த அளவில் என்னிடம் நல்லதாக இருந்தது அது ஒன்றுதான்.

தளத்தின் நிழலில் ஜெரியின் சாப்பாட்டுப் பை கிடந்தது. அதற்குள் போன் அடித்தது. திரையில் சாரா என்று வந்தது. அவன் மனைவி. தினமும் அந்த நேரத்தில் சாப்பிட்டாயா என்று கேட்பாள். நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

கான்கிரீட் சுவரைத் துளைக்கும் பிட்டின் நுனியில் ஒரு சின்னச் சில்லு பதித்திருப்பார்கள். அந்தச் சில்லு எஃகைவிடக் கடினமானது. ஆனால் மொண்ணையாகத்தான் வரும், சுவரை இடிப்பதற்காக. அதைக் கூராக்கினால் கண்ணாடியைக் கீறும். கீறுமா என்று எனக்கு நிச்சயமில்லை. யாரோ சொல்லக் கேட்டிருந்தேன், செய்து பார்த்ததில்லை.

டூல் ரூமுக்கு ஓடி, பச்சைச் சாணைக் கல்லில் அதைப் பிடித்தேன். அந்த அறை எப்போதும்போல அமைதியாக இருந்தது. ஆணிகளில் ஸ்பேனர்கள் வரிசையாகத் தொங்கின. நான் விரும்பி வந்து உட்காரும் அமைதி அது. அன்றைக்கு அது என்னைப் பிடித்து அமுக்கியது. இங்கேயே நின்றுவிடலாம், திரும்பிப் போகாவிட்டால் ஒன்றும் நடக்காது, என்று ஒரு நினைப்பு வந்தது. சில்லு கல்லில் பட்டுப் பொறி பறந்தது. இந்தப் பொறி அங்கே விழுந்தால் என்று தோன்றியதும் பிடி தவறி முனை கோணலாகியது. மறுபடி பிடித்தேன். மனதில் ஜெரியின் முகம் வரவில்லை. அவன் செருப்பு வந்தது.

திரும்பி வந்தபோது அப்பாவு அண்ணன் பார்ஜில் நின்றுகொண்டிருந்தார். கையில் சாப்பாட்டுப் பாத்திரம். யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"செருப்பு இல்லியேம்மா," என்றார். "நான் பாத்தேன். செருப்பு இல்ல."

"யோவ் நைனா, தள்ளி நில்லு!" என்று கத்தினான் அன்பரசன். பிறகு குரல் உடைந்து, "உன்ன ஒண்ணும் சொல்லல நைனா. கொஞ்சம் தள்ளிக்கோ," என்றான். செருப்பைக் கழற்றி மூடியின் ஓரத்தில் வைத்திருந்தான். வெறுங்காலோடு சுடுகிற இரும்பில் மண்டி போட்டிருந்தான்.

"காத்த நிறுத்தவா?" என்று கேட்டார் அம்புரோஸ் அண்ணன். ஜெரியின் ஹோஸ் வால்வில் அவர் கை இருந்தது.

மூச்சுக் குழாய்க்குள் காற்று சீறிக்கொண்டிருந்தது. தட்டல் கேட்டதா? எனக்குக் கேட்டது.

"நிறுத்துங்க," என்றேன்.

சீறல் நின்றது. கடல்தண்ணீர் பார்ஜின் பக்கத்தில் மோதுவது மட்டும் கேட்டது.

கூராக்கிய சில்லு குழியில் பட்டுச் சுற்றியது. நான் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எண்ணெய் சாம்பல் நிறமாகியது. பொடி. மாவுபோலப் பொடி. துடைத்துப் பார்த்தால் கண்ணாடியில் கீறல். காற்றை மறுபடி ஜெரிக்குத் திருப்பினோம். கொஞ்ச நேரம். பிறகு மறுபடி டிரில்லுக்கு. அடுத்தமுறை துடைத்தபோது பளபளப்பு போய், கீழே வெளுத்த உலோகம் தெரிந்தது.

சிவப்பு வளையப் பிட்டை மாட்டினேன். "இப்போ வுடாத அன்பு. அழுத்து. மெதுவா சுத்தணும், பலமா அழுத்தணும்."

அவன் அழுத்தினான். அழுத்தியதும் பயந்தான். பயந்த கை லேசாகிவிடும். டிரில்லின் சத்தம் மாறி, வெட்டுகிற உறுமல் போய்த் தேய்க்கிற கீச்சல் வந்தது.

"தடவாதடா! அழுத்து, இல்லனா எடு! நடுவுல வச்சிகினு தடவாத!"

"அக்கா, ஒடஞ்சிட்டா இன்னா பண்றது?"

உள்ளே முறிந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. முறிந்த துண்டு முளையைவிடக் கடினமாக இருக்கும். அதைத் துளைக்க எதுவும் என்னிடம் கிடையாது. இது எனக்குத் தெரியும், அம்புரோஸ் அண்ணனுக்கும் தெரியும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒடஞ்சா வேற கீது," என்றேன். "ரூம்ல நெறைய கீது. அழுத்து."

அவன் நம்பினானா என்று தெரியாது. டிரில்லின் கீச்சல் போகவில்லை. நான் எண்ணெய் பாட்டிலை அம்புரோஸ் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, அன்பரசனின் முதுகின் மேல் என் மொத்த எடையையும் போட்டேன். அவன் இதயம் அடிப்பது என் மார்பில் கேட்டது. என்னுடையது அவனுக்குக் கேட்டிருக்கும். இப்போது அவன் நினைத்தாலும் கையை இளக்க முடியாது. முறிந்தால் இரண்டு பேராலும்தான் முறியும்.

உறுமல் திரும்பியது. குழியிலிருந்து வெள்ளி நூல் ஒன்று சுருண்டு சுருண்டு மேலே வந்தது. அறுந்தது. அடுத்தது வந்தது. அவ்வளவு அழகான ஒன்றை அவ்வளவு வெறுப்போடு நான் பார்த்ததில்லை. அது வந்துகொண்டிருக்கும்வரை ஜெரிக்குக் காற்று இல்லை.

எப்போது தலையைத் தாண்டியது என்று பிட்தான் சொன்னது. சத்தம் சட்டென்று இளகியது. பிறகு பெரிய பிட், அதைவிடப் பெரிய பிட். போன வழியிலேயே போவதால் அவை முரண்டு பிடிக்கவில்லை. முளையின் தலை ஒரு வளையமாகக் கழன்று எண்ணெயில் கிடந்தது. பொறி வராத பித்தளைச் சுத்தியலால் அம்புரோஸ் அண்ணன் பட்டையைக் கீழிருந்து தட்டினார். பட்டை எழும்பியது. பூட்டு அப்படியே பூட்டியபடி மறுமுனையில் தொங்கியது.

மூடியைத் தூக்கியதும் வாசனை முகத்தில் அறைந்தது. அன்பரசன் ஏணியில் கால் வைத்தான். அம்புரோஸ் அண்ணன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தளத்தில் தள்ளினார்.

"நீயும் உள்ள போய் பூடாத! காத்த வுடு! மொதல்ல காத்த வுடு!"

"அவன் கீழ கீறான்ணே!"

"கீறான்டா. நீயும் வுழுந்தா ரெண்டு பேர எவன் தூக்கறது?"

ஹோஸை மூடி வழியாக இறக்கி முழுக் காற்றையும் விட்டோம். நான் எட்டிப் பார்த்தேன். மூச்சுக் குழாய்க்கு நேர் கீழே ஜெரி சுவரில் சாய்ந்திருந்தான். அவன் தலை ஒரு பக்கம் தொங்கியது. கூப்பிட்டேன். அசையவில்லை. மறுபடி கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. கூப்பிட்டு அவன் திரும்பாவிட்டால் என்று பயந்தேன்.

கரையில் தீயணைப்புக்காரர்கள் முதுகில் காற்று உருளையோடு ஓடி வந்தார்கள். முகமூடி மாட்டி இரண்டு பேர் இறங்கினார்கள். கயிற்றில் கட்டி அவனை மேலே தூக்கியபோது உதடு நீலமாக இருந்தது. தளத்தில் கிடத்தி ஆக்சிஜன் வைத்தார்கள். நெடுநேரம், எனக்கு நெடுநேரமாகத் தோன்றியது, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இருமினான்.

அப்போதுதான் தீபன் வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க நனைந்து, பேச மூச்சில்லாமல், சாவியை நீட்டிக்கொண்டு வந்தார். யாரும் வாங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், கழன்று கிடந்த பட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து, பூட்டைச் சுற்றியிருந்த குழாய்க்குள் சாவியை விட்டுத் திறந்தார்.

ஜெரி கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பிழைத்துக்கொண்டான். வாசனை அறியும் சக்தி போய்விட்டது, திரும்பி வரவில்லை. இப்போது திருவொற்றியூர் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், கதவில்லாத வண்டி என்பதால் பிடிக்கும் என்கிறான். உள்ளே இருந்தபோது தட்டவே இல்லை என்கிறான். பிரஷ் முதலிலேயே இருட்டில் எங்கோ விழுந்துவிட்டதாம், காற்றின் சீறல் மட்டும் நினைவிருக்கிறதாம். சாரா மத்தியானத்தில் போன் செய்வதை நிறுத்திவிட்டாள். அவனே அவளை அழைக்கிறான். அப்பாவு அண்ணன் வேலையை விட்டு எம்.கே.பி. நகரில் மகள் வீட்டோடு இருக்கிறார். அம்புரோஸ் அண்ணன் இன்னும் வெல்டு செய்கிறார், முளைகளைச் சாதாரண இரும்பில்தான் கடைகிறார். அன்பரசன் பெரம்பூரில் ஒரு கண்ணாடிக் கடையில் இருக்கிறான். தீபன் வேறு யார்டுக்குப் போய்விட்டார். பார்ஜ் வேலை முடிந்து காரைக்காலுக்குப் போயிற்று. நான் அதே டூல் ரூமில் இருக்கிறேன். இப்போது அங்கே ரேடியோ வைத்திருக்கிறேன்.